அராவிய எஞ்சின் எண் மீண்டும் தெரிவது எப்படி?

பழைய புல்லட் ஒன்றை விலைபேசி முடிக்கும் நிலையில் இருக்கும் குடியாத்தம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றுதான். ஆனால் எண் இருக்கும் இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுப் பள்ளமாக, வழவழப்பாக இருக்கிறது. இது தொழிற்சாலையில் அடித்த எண்தானா? 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு தரும் விதி 2021இல் வந்திருப்பதால், அவருடைய ஐயம் பலருக்கும் உரியது.

முதல் சோதனைக்கு ஒரு லென்ஸ் போதும். இலக்கங்கள் சற்று ஏறி இறங்கி இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பன்ச் எனப்படும் இலக்க அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் அடித்த காலத்தில் வரிசை பிசகுவது இயல்பே. வார்ப்பின் சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் காணாமல் போயிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படி அராவப்பட்டிருந்தாலும் பழைய எண் முற்றிலும் போய்விடுவதில்லை என்பது உலோகவியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வேலூர் லாங் பஜாரில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் பொறித்து வாங்கியிருப்பீர்கள். தட்டு மெல்லியதாக இருந்தால், பின்புறம் விரலால் தடவும்போது ஒவ்வொரு புள்ளியும் நெருடும். மேலே விழுந்த அடி அடிவரை உலோகத்தைத் தள்ளியிருக்கிறது. பன்ச் விழும்போது எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸிலும் இதுவே நிகழ்கிறது. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகத்தின் நுண்படிகங்கள் நசுங்கி, அவற்றின் அணு வரிசைகளில் பிசகுகள் பெருகிவிடுகின்றன. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் சுடுவதும், விறைத்துப்போய் ஒடிவதும் இப்பிசகுகளால்தான். இவற்றை 1934இல் டெய்லர், ஓரோவான், போலன்யி ஆகிய அறிவியலாளர்கள் மூவரும் தனித்தனியே விளக்கினார்கள். அடியின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விட, ஒரு சிறு பங்கு இந்தப் பிசகுகளில் தங்கிவிடுகிறது. அதனால் நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் அமிலத்திலோ காரத்திலோ வெவ்வேறு வேகத்தில் கரைகின்றன.

தடயவியலாளர் அந்த இடத்தை உப்புத்தாளால் கண்ணாடி போலத் தேய்த்துவிட்டு, வண்டியின் எஃகுச் சட்டகமான சேஸ் என்றால் காப்பர் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், அலுமினியக் கிராங்க்கேஸ் என்றால் காஸ்டிக் சோடாக் கரைசலையும் பஞ்சில் நனைத்துத் துடைக்கிறார். எதுவுமே இல்லாத பரப்பில் முதலில் ஒரு வளைவு, பிறகு ஒரு கோடு என மங்கலாக எழும்பி, 3 என்றோ 8 என்றோ படிக்கும் அளவுக்கு இலக்கம் தெளிகிறது. மேலும் கரைந்தால் அதுவும் மறைந்துவிடக்கூடும் என்பதால், தெரிந்த கணமே படம் எடுத்துவிட வேண்டும். நசுங்கிய அடுக்கு முழுவதும் தீரும் அளவுக்கு ஆழமாக அராவியிருந்தாலோ, அந்த இடத்தை வெல்டிங் செய்து உருக்கியிருந்தாலோ, இம்முறையால் பயனில்லை.

வண்டி எண்ணின் கூட்டுத்தொகை 8 வந்துவிடக் கூடாது என்று பணம் செலவழிக்கிறோம். அந்த அக்கறையை எண்ணின் உண்மைத்தன்மையில் காட்டுவதே அறிவுடைமை. இந்தச் சோதனைக்கான வசதியும் பயிற்சியும் மாவட்டந்தோறும் கிடைக்க அரசு தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குடியாத்தம் வாசகர் காஸ்டிக் சோடாவைத் தாமே தொட வேண்டாம்; தோலையும் கண்ணையும் அரிக்கும், தடயத்தையும் கெடுத்துவிடும். உடைந்த கிராங்க்கேஸுக்கு மாற்றாக வேறொன்றைப் பொருத்தி, அதில் முறைப்படி எண் அடித்திருக்கவும் வாய்ப்புண்டு. அவ்வாறெனில் பழைய ரசீதோ, வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவோ விற்பவரிடம் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.