வைல்ட் கார்டும் காட்டு அட்டையும்

திருநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமை ராத்திரி ஆனால் சீட்டுக் கச்சேரி. காசு வைப்பதில்லை, ஆளுக்கு நாற்பது புளியங்கொட்டை. வழக்கமாக ரம்மி, அலுத்தால் மூணு சீட்டு. போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன், "மாமா, போக்கர்ல புதுசா ஒண்ணு ஆடுவோம்" என்று 'ஃபாலோ த குயின்' ஆட்டத்தின் விதிகளைக் கைப்பேசியிலேயே தமிழாக்கி அச்சடித்துக் கொண்டுவந்தான். முதல் கை போட்டதும் யாரோ சந்தேகம் கேட்க, தாளை உரக்கப் படித்தான்: "ராணிகள் அனைத்தும் காட்டுச் சீட்டுகள்." காது கொஞ்சம் மந்தமான பெரியப்பா, "காட்டணுமாக்கும்" என்று கவிழ்த்து வைத்திருந்த ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராணியை எடுத்து எல்லார் முன்னாலும் மல்லாத்திப் போட்டுவிட்டார். அந்தக் கை அங்கேயே கலைந்தது, மறுபடி போட வேண்டியதாயிற்று.

அதே தாளில் நாலு வரி தள்ளி, 'வைல்ட் கார்டு' என்ற அதே ஆங்கிலச் சொல் 'காட்டு அட்டை' ஆகியிருந்தது. மழைக்காலத்தில் மேகமலைப் பக்கம் போய் வந்தவர்களைக் கேளுங்கள், காட்டு அட்டை என்றால் என்ன என்று காலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒருமுறை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். டென்னிஸ் செய்தியில், கணினிப் பாடத்தில், தொலைக்காட்சிப் போட்டிகளின் எழுத்து வரியில் என்று இந்தக் 'காட்டு' என்னை ரொம்ப நாளாகத் துரத்துகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கார்டு என்பது பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல்லில் தொடங்கி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வைல்ட் என்றால் அடங்காதது, வளர்ப்பில் இல்லாதது. சீட்டாட்டத்தில் தன் எண்ணுக்கும் இனத்துக்கும் கட்டுப்படாமல், கையில் வைத்திருப்பவர் நினைக்கும் எந்தச் சீட்டாகவும் நிற்கக்கூடிய சீட்டு வைல்ட் கார்டு. அவ்வளவுதான்.

'காட்டுச் சீட்டு'க்கு வக்காலத்து வாங்குகிறவர்களிடம் ஒரு வாதம் இருக்கிறது, அது லேசான வாதமும் இல்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சொன்னார்: "காட்டுக்கத்தல் என்கிறோம், காட்டடி என்கிறோம். அதில் எங்கே ஐயா காடு இருக்கிறது? கட்டுக்கடங்காதது என்றுதானே பொருள்? சீட்டுக்கு மட்டும் ஏன் கசக்கிறது?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டுக்கத்தல் கத்தலில் மிகுதி, காட்டடி அடியில் மிகுதி. மிகுதியான ராணி என்று ஒரு சீட்டு உண்டா? இன்னொரு பக்கம் காட்டுப்பன்றி, காட்டுமல்லி. அங்கே 'காட்டு' என்பது பிறவிக் குணம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குப் பக்கத்தில் காட்டுமல்லியை வைத்தால், நம் ஊரில் பூக்கட்டுகிற யாரும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அது என்றைக்கும் காட்டுமல்லிதான்.

வைல்ட் கார்டு அப்படியா? அன்று எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் ஆளுக்கு ஏழு சீட்டு. முதல் இரண்டும் கடைசி ஒன்றும் கவிழ்ந்திருக்கும், நடுவில் நான்கு மல்லாந்து வரும். ராணி எப்போதும் வைல்ட். அது மல்லாந்து வந்தால், அடுத்து மல்லாந்து விழும் சீட்டின் எண்ணும் வைல்ட் ஆகிவிடும். கவிழ்த்தவற்றில் என்னிடம் ஒரு எட்டும் ஒரு ஐந்தும், மல்லாந்ததில் இன்னொரு எட்டு. மச்சானுக்கு ராணி விழுந்தது, அடுத்து எனக்கு ஐந்து. ஊரில் உள்ள ஐந்தெல்லாம் வைல்ட். என் கையில் நாலு எட்டு! இருபது கொட்டையைத் தள்ளினேன். மல்லாத்திப் போடும் கடைசிச் சுற்றில் அக்கா மகனுக்கு இன்னொரு ராணி, அதன் பின்னால் ஒன்பது. விதிப்படி முந்தைய எண் போய் ஒன்பது வைல்ட் ஆகிவிட, என் ஐந்துகள் மறுபடி வெறும் ஐந்துகள். நாலு எட்டு போய் இரண்டு ஜோடி மிஞ்சியது. கடைசிச் சீட்டும் கைகொடுக்கவில்லை. காட்டுப்பன்றி பாதி ஆட்டத்தில் வீட்டுப்பன்றி ஆகுமா?

சில பத்திரிகைகள் இதையே 'துருப்புச் சீட்டு' என்று எழுதுவது இன்னும் மோசம். துருப்பு என்பது ட்ரம்ப். முன்னூத்திநாலு என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: துருப்பு எல்லாவற்றையும் வெட்டும், ஆனால் துருப்பு ஏழு ஏழாகவேதான் இருக்கும். வேறொன்றாக நடிக்காது. ஒரு சின்னச் சமாதானம் உண்டு. ஜோக்கர் சீட்டே 1860-களில் அமெரிக்காவில் யூக்கர் என்ற ஆட்டத்துக்குப் பெரிய துருப்பாகத்தான் பிறந்தது, எந்தச் சீட்டாகவும் நிற்கும் வேலை பிறகு வந்து சேர்ந்தது. நம் உதவி ஆசிரியர்கள் இதை யோசித்துத்தான் எழுதினார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை.

தமிழாசிரியர் விடவில்லை. "சரி, பதிலிச் சீட்டு?" பொருள் பொருந்துகிறது. ஆனால் தனித்தமிழ் என்று அவர் நீட்டிய 'பதிலி'யின் வேரான பதில், உருது வழியாக வந்த அரபுச் சொல். அதைச் சொன்னதும் காப்பி ஆறிவிட்டது என்று எழுந்துபோனார்.

என்னைக் கேட்டால் 'வேடச்சீட்டு' என்பேன். சித்திரைத் திருவிழாவில் கள்ளர் வேடத்தில் வருகிற அழகர், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் காட்டுகிறார். வேடம் மாறும், கலையும், உள்ளே இருப்பவர் அதே அழகர். என் ஐந்துக்கு நடந்ததும் அதுதான். வேடம் வடமொழி வேஷம் என்று ஆசிரியர் பழிக்குப் பழி வாங்கலாம். வாங்கட்டும், பொருள் விளங்குகிறதே.

டென்னிஸுக்கு இதுவும் ஒத்துவராது. 2001-இல் தரவரிசையில் 125-ஆம் இடத்திலிருந்த கோரான் இவானிசெவிச் வைல்ட் கார்டில் நுழைந்து விம்பிள்டனை வென்றார். அவர் எந்த வேடமும் போடவில்லை, போட்டி நடத்தியவர்கள் கொடுத்தது சிறப்பு அனுமதி. அப்படியே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒன்றேதான் இருக்க வேண்டும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கணினியில் கோப்பு தேடும்போது நட்சத்திரக் குறி எந்த எழுத்துக்கும், எத்தனை எழுத்துக்கும் ஈடாக நிற்கிறது. அங்கே வேடக்குறி என்றால் பிள்ளைகளுக்குப் புரியும். காட்டுக்குறி என்று படித்தால் குறியை எங்கே காட்டுவது என்றுதான் கேட்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளை எடுத்து 'காட்டு' வந்த இடமெல்லாம் அடித்து, 'வேடச்சீட்டு' என்று பேனாவால் எழுதி வைத்தேன். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"ராணி ஜோக்கரு, ராணிக்குப் பின்னாடி விழுறதும் ஜோக்கரு. இம்புட்டுத்தானப்பா?"

ரம்மியில் வெட்டு ஜோக்கர் வைத்து ஐம்பது வருஷம் ஆடியவர். ஏழு விழுந்தால் "இன்னைக்கு ஏழு ஜோக்கர்" என்றே சொல்லிப் பழகியவர். தாளை மடித்துப் புளியங்கொட்டைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டுச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்.