சாம்பாரைத் தட்டையாக உறைய வையுங்கள்

ஒரே அடுப்பில் இறக்கிய சாம்பாரில் பாதியை ஒரு லிட்டர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். மீதியை ஜிப் பைகளில் ஊற்றி, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகப் படுக்க வையுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சூடாக்கினால், டப்பாவில் இருந்தது தண்ணீர் தனியாகவும் பருப்பு தனியாகவும் பிரிந்து, கத்திரிக்காய் கூழாகிக் கிடக்கும். பையில் இருந்தது ஏறக்குறைய அன்று இறக்கியதுபோலவே இருக்கும். இந்த வித்தியாசம் இரண்டு வாரத்தில் வந்தது அல்ல. முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிட்டது.

உணவில் இருக்கும் நீரில் உப்பு, புளி, சர்க்கரை எல்லாம் கரைந்திருப்பதால் அது மைனஸ் 1 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உறையத் தொடங்கும். அங்கிருந்து மைனஸ் 5 வரை இறங்குவதற்குள் பெரும்பகுதி நீர் பனிக்கட்டியாகிவிடும். இந்த நான்கு டிகிரியைக் கடப்பதுதான் கஷ்டம். ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். அது வெளியேறும்வரை வெப்பநிலை மிக மெதுவாகவே இறங்கும். மெதுவாகக் கடந்தால், முதலில் உருவான சில பனிப்படிகங்களே சுற்றியுள்ள நீரை இழுத்து இழுத்துப் பெரிதாகும். வேகமாகக் கடந்தால் எண்ணற்ற பொடிப்படிகங்கள் உருவாகும். பெரிய படிகம் காய், கறி, மீனின் செல்களைக் குத்திக் கிழிக்கும். போதாக்குறைக்கு, நீர் பனியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. கண்ணாடி பாட்டிலில் மேலே இரண்டு விரல் இடம் விடாமல் நிரப்பினால் விரிசல் விடுவதும் இதனால்தான். கிழிந்த செல்லால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. உருகும்போது தட்டில் தேங்குவது அந்த நீர்தான்.

1910களில், இன்று கனடாவில் உள்ள லாப்ரடாரில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், அங்குள்ள இன்யூட் மக்கள் பிடித்த மீன் மைனஸ் 40 டிகிரிக் குளிர்காற்றில் உடனே உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்து உருக்கினாலும் புது மீன்போல இருப்பதையும் கவனித்தார். ஊர் திரும்பியவர், உணவுப் பொட்டலங்களைக் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி வேகமாக உறைய வைக்கும் இயந்திரம் செய்தார். 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த உறைபொட்டலங்கள் கடைக்கு வந்தன. நம் வீட்டில் மைனஸ் 40 கிடையாது. ஆனால் தட்டையான பொட்டலமும் உலோகத் தகடும் நம் கையில் இருக்கின்றன. கனம் இரட்டிப்பானால் உறையும் நேரம் இரட்டிப்புக்கும் மேலே போகும், நான்கு மடங்கு வரைகூட ஆகலாம். வெப்பம் நடுவிலிருந்து வெளியே வரவேண்டிய தூரமும் கூடுகிறது, வெளியேற்ற வேண்டிய வெப்பமும் கூடுகிறது. அதனால் பையைக் காற்று போக அழுத்தி மூடி, எவர்சில்வர் தட்டின்மேல் படுக்க வையுங்கள். கெட்டியான பிறகு புத்தகங்களை அடுக்குவதுபோல நிறுத்தி வைத்துக்கொள்ளலாம்.

சூடாக உள்ளே வைப்பது இன்னொரு தவறு. 80 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ நீரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பமும், பூஜ்யத்தில் அதை உறைய வைக்கத் தேவையான வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றே. அதாவது கொதிக்கக் கொதிக்க வைத்தால் ஃப்ரீசருக்கு வேலை இரண்டு மடங்கு. பக்கத்தில் இருக்கும் பொட்டலங்களும் இளகி, மறுபடி மெதுவாக உறையும். அதற்காக இரவு முழுக்க மேடையில் ஆறவிடவும் கூடாது. பேசில்லஸ் சீரியஸ், குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் போன்ற கிருமிகளின் வித்துகள் கொதிநிலையிலும் சாகாது. 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் முளைத்துப் பெருகும். சோற்றில் சீரியஸ் விடும் ஒரு நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. 60லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் என்பது பாதுகாப்புக் கணக்கு. சித்திரை வெயிலில் நம் ஊர்ச் சமையலறையே 35 டிகிரி இருக்கும்போது, சும்மா வைத்தால் 21 வரவே வராது. பாத்திரத்தைக் குழாய்த் தண்ணீர் நிரம்பிய பேசினில் வைத்துக் கிளறி, தண்ணீர் சூடானதும் மாற்றி, கடைசியாக ஐஸ் கட்டி போடுங்கள். பிறகு அகலத் தட்டில் ஊற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, அதன்பின் ஃப்ரீசர். உறைநிலை கிருமிகளைக் கொல்லாது, தூங்க மட்டுமே வைக்கும்.

எல்லா ஃப்ரீசரும் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் பெட்டியின் கதவில் நட்சத்திரக் குறி ஒன்று இருந்தால் மைனஸ் 6, இரண்டுக்கு மைனஸ் 12, மூன்றுக்கு மைனஸ் 18. இது வெளிக்கதவில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன நட்சத்திரம் அல்ல. கடைக்காரரே சில நேரம் குழப்பிவிடுவார். மாதக்கணக்கில் வைக்க மைனஸ் 18 வேண்டும். ஒரு நட்சத்திரப் பெட்டியில் ஒரு வாரத்தைத் தாண்டாதீர்கள்.

எது தாங்கும், எது தாங்காது என்பதில் பெரிய வில்லன் மாவுச்சத்து. வெந்த உருளைக்கிழங்கின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். குளிரில் அதன் சங்கிலி போன்ற மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி ஒட்டிக்கொண்டு நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ஆகவே குழம்பில் போட்ட துண்டு கடற்பஞ்சாகிவிடும். மசித்து எண்ணெய் சேர்த்த போண்டா மசாலாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. கார்ன் ஃப்ளார், மைதா கரைத்துவிட்டுக் கெட்டியாக்கிய கிரேவியும் நீர் விடும்.

இதே மாற்றம்தான் சோறு, இட்லி, சப்பாத்தியை விறைக்க வைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இது மிக வேகமாக நடப்பது ஃப்ரீசரில் இல்லை, ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில். எனவே குழம்புக்குச் சொன்ன கீழ்த்தட்டு இவற்றுக்கு ஆகாது. சோற்றைத் தட்டில் பரப்பி ஃபேன் காற்றில் ஆவி அடங்கியதும் நேராக ஃப்ரீசருக்கு. இட்லிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்கி உறைந்தபின் பையில் போடுங்கள். எடுத்து உருகவிடாமல் அப்படியே 10 நிமிடம் ஆவியில் வைத்தால், வெப்பத்தில் மாவுச்சத்து மறுபடி நெகிழ்ந்து பஞ்சாகும். சப்பாத்தியைக் குறைவேக்காட்டில் எடுத்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினால், பனியோடு நேராகக் கல்லில் போடலாம்.

தேங்காய்ப்பால், தயிர் இரண்டும் பிரியும். தேங்காய்ப்பாலின் கொழுப்புத் துளிகளையும் தயிரின் புரத வலையையும் படிகங்கள் நெருக்கித் தள்ளி உடைத்துவிடுகின்றன. மோர்க்குழம்பை விட்டுவிடுங்கள். குருமாவைத் தேங்காய் விழுது சேர்ப்பதற்கு முன்னாலேயே உறைய வைத்து, சூடாக்கும்போது அரைத்து ஊற்றுங்கள். வெறும் தேங்காய்த் துருவல் நன்றாகவே தாங்கும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும். பூண்டு, மிளகு, கிராம்பு வாசம் குளிரில் தூக்கலாகிக் கசக்கலாம், அதனால் தாளிப்பைப் பரிமாறும் நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு பொட்டலம்தான் செய்வதென்றால் வெங்காயத் தக்காளித் தொக்கைச் செய்யலாம். வெங்காயம் 1 கிலோ, தக்காளி 1 கிலோ, இஞ்சி பூண்டு விழுது 100 கிராம், எண்ணெய் 150 மில்லி. வெங்காயம் பொன்னிறமானதும் விழுது, பிறகு தக்காளி. எண்ணெய் பிரிந்து சுருளும்வரை வதக்கி எட்டுப் பைகளாகப் பிரியுங்கள். நான்கு பேருக்கான ஒரு குழம்புக்கு ஒரு பை. செல்கள் ஏற்கெனவே வதங்கி உடைந்துவிட்டன, நீரும் வற்றிவிட்டது. பனிப்படிகம் கெடுப்பதற்கு அதில் மிச்சம் எதுவும் இல்லை.

பச்சைக் காய்களில் நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். கொதிநீரில் பீன்ஸை 3 நிமிடம், கேரட் துண்டுகளை 2 நிமிடம், பட்டாணியை ஒன்றரை நிமிடம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, ஈரம் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் எல்லாம் ஒரே கட்டியாகும்.

சில நாளில் மேலே வெளுத்துக் காய்ந்த திட்டுகள் தெரிந்தால், பனி உருகாமலே ஆவியாகிப் போயிருக்கிறது என்று அர்த்தம். பைக்குள் காற்று இருந்தால் இது வேகமாகும். பனி சேராத வகை ஃப்ரிட்ஜ்கள் உள்ளே இருக்கும் ஹீட்டரால் அவ்வப்போது தம் பனியை உருக்கிக்கொள்வதால், அவற்றில் வெப்பநிலை ஏறி இறங்கும், திட்டும் சீக்கிரம் விழும். சாப்பிட ஆபத்தில்லை, ருசிதான் போகும். சமைத்த குழம்பு வகைகளை மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். பையில் தேதியும் பெயரும் எழுதுங்கள், உறைந்த பிறகு ரசத்தையும் சாம்பாரையும் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. ஃப்ரிட்ஜோடு சேர்ந்த சின்னப் பெட்டிக்கு இதைவிடக் குறைத்தே எண்ணுங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் எதுவும் உருகவில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. கறி, மீன், குழம்பு எதையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.