அடுத்தவர் கணக்கில் உங்கள் சம்பளம் எதற்கு? ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வந்த முதல் மாதமே பகுதிநேர வேலை கிடைத்துவிடுகிறது, வங்கிக் கணக்கு இன்னும் இல்லை. உடனே அறைத்தோழரின் ஐபான் எண்ணை, அதாவது வங்கிக் கணக்கு எண்ணை, முதலாளியிடம் கொடுத்துவிடுகிறார்கள். "நம்ம அண்ணன்தானே, எடுத்துக் கொடுத்துடுவார்." அந்த அண்ணனுக்குக் கட்டாத தவணை ஒன்று இருந்து, கடன் கொடுத்தவர் நீதிமன்ற ஆணையோடு வந்தால் கணக்கு முடங்கும், உங்கள் சம்பளமும் அதற்குள் முடங்கும். கணக்கில் கிடக்கும் பணம் கணக்குக்காரருடையது என்றே வங்கி பார்க்கும். இந்த மாதிரிக் கோப்புகள் ஓயாமல் வருகின்றன, அதனால்தான் இதை எழுதுகிறேன். பணம் தப்பித்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு: விசா நீட்டிப்பின்போது வாழ்க்கைச் செலவுக்கு வழி இருக்கிறதா என்று வெளிநாட்டவர் அலுவலகம் கேட்கும். அப்போது காட்ட உங்கள் பெயரில் ஒரு வரவுகூட இருக்காது.

ஏன் சொந்தக் கணக்கு திறக்கவில்லை என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ரெசிடென்ஸ் கார்டு இன்னும் வரலை." தயவுசெய்து இந்தப் பேச்சை அடுத்தவருக்குக் கடத்தாதீர்கள். கார்டு என்பது உங்கள் தங்கும் உரிமைக்கான ஒரு சான்று, அவ்வளவே. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் செல்லுபடியான தேசிய விசாவும் அதே உரிமையைத்தான் காட்டுகிறது. விசா முடிந்து, நீட்டிப்பு முடிவாகாத இடைக்காலத்தில் அலுவலகம் தரும் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளும் சட்டப்படியான தங்கலுக்குச் சான்றுதான். சில வங்கிகளின் செயலியில் கார்டின் படத்தை ஏற்றாமல் மேலே நகர முடியாது என்பது உண்மை. அது அந்த வங்கி தன் சாதாரணக் கணக்குக்கு வைத்திருக்கும் நிபந்தனை. நாட்டின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கவுண்டரில் இருப்பவர் "கார்டோடு வாருங்கள்" என்று சொன்னதைச் சட்டமென்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

சட்டம் சொல்வது இது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சட்டப்படி தங்கியிருக்கும் எந்த நுகர்வோருக்கும் பாசிஸ்கோன்டோ என்ற அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை 2016 ஜூன் முதல் ஜெர்மனியில் நடைமுறையில் இருக்கிறது. நுகர்வோருக்கு அன்றாட வரவு செலவுக்கான நடப்புக் கணக்கு தரும் வங்கிகள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. பணம் போடலாம், எடுக்கலாம், அனுப்பலாம், வாடகையைத் தானாகக் கழிக்கச் சொல்லலாம், கார்டில் செலுத்தலாம். கணக்கில் இருப்பதைவிட அதிகம் எடுக்கும் மிகைப்பற்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வருமானம் இல்லை, தற்காலிக விசா, கடன் நம்பகத்தன்மையைப் பதிவு செய்யும் ஷுஃபா நிறுவனத்தில் பதிவே இல்லை என்பதெல்லாம் மறுக்கக் காரணம் ஆகாது. ஜெர்மனியில் உங்களுக்கு ஏற்கெனவே பயன்படுத்தக்கூடிய கணக்கு இருந்தால் மறுக்கலாம். வங்கிக்கு எதிராகக் குற்றம் செய்தது போன்ற வேறு சில காரணங்களும் சட்டத்தில் உண்டு.

வாயால் கேட்காதீர்கள். பாசிஸ்கோன்டோ விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்கி, நிரப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். அந்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கு தர முன்வர வேண்டும், அல்லது காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டும். கவுண்டரில் தலையசைத்து அனுப்புவது மறுப்பு ஆகாது. எழுத்தில் மறுத்தால் நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபினிடம் போகலாம். அதற்கும் படிவம் இருக்கிறது. கட்டணமும் நியாயமாக இருக்க வேண்டும்: ஒரு பெரிய வங்கி மாதம் 8.99 யூரோ வாங்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2020 ஜூனில் தீர்ப்பளித்திருக்கிறது.

கார்டைவிட முக்கியமான தாள் ஒன்று உண்டு, முகவரிப் பதிவுச் சான்று. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஆன்மெல்டுங் என்ற இந்த முகவரிப் பதிவைச் செய்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிப்படிவம் வேண்டும். அதைத் தருவது அவருடைய சட்டக் கடமை. "அறை உண்டு, ஆன்மெல்டுங் கிடையாது" என்று சொல்பவரின் அறையை எடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். பதிவு முடிந்தபின் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வங்கிக் கார்டும் ரகசிய எண்ணும் தனித்தனிக் கடிதங்களாக வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால்தான் இவை கைக்கு வரும், இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். முதல் நாளே பெயரை ஒட்டுங்கள்.

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், முழுப்பெயரும் முதற்பெயர்க் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் குடும்பப்பெயராகியிருக்கும், சான்றிதழ்களில் அதுவே இனிஷியலாக நிற்கும். இங்கே படிவங்கள் இரண்டு கட்டத்தையும் கட்டாயம் கேட்கும். ஓர் அலுவலகம் காலிக் கட்டத்தில் கோடு போடும், இன்னொன்று ஒரே பெயரை இரண்டு முறை எழுதும், வங்கிக்கு அவசரத்தில் நீங்களே இனிஷியலை விரித்து எழுதிக் கொடுப்பீர்கள். மூன்று இடத்தில் மூன்று பெயர். வீடியோ அடையாளச் சோதனை தோற்கிறது, பிறகு "இந்தியப் பாஸ்போர்ட்டை ஏற்க மாட்டேன் என்கிறார்கள்" என்று புலம்பல். சில சேவைகள் வீடியோவில் நம் பாஸ்போர்ட்டை ஏற்பதில்லைதான். அப்போது தபால் நிலையத்தில் நேரில் காட்டும் போஸ்ட்ஐடென்ட் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அங்கேயும் பெயர் பொருந்த வேண்டும்.

2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பெயர் மாறினால் அனுப்புபவருக்கு எச்சரிக்கை வரும், அவர் தயங்குவார். அதனால் பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இருக்கும் இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். முகவரிப் பதிவு அலுவலகத்தில் தாளை அச்சடித்துத் தந்ததும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். இன்னும் ஊரில் இருப்பவர்கள், விசாவுக்குப் போடும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து மறுவெளியீடு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விசாவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டு வைத்து, மாதம் ஒரு பங்காக மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கு உங்கள் நடப்புக் கணக்கு அல்ல. அதிலிருந்து மாதம் 992 யூரோ வந்து இறங்குவதற்கே உங்கள் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். சம்பளம் வாங்கும் கணக்கின் எண் ஜெர்மன் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த முதலாளியும் கட்டாயப்படுத்த முடியாது. யூரோ பரிமாற்ற வட்டத்துக்குள் இருக்கும் வேறு நாட்டு ஐபானையும் ஏற்பது சட்டப்படி கட்டாயம்.

இனி, எழுதும்போதே கோபம் வருகிற விஷயம். "இங்கே யூரோ தருகிறேன், ஊரில் என் அம்மா கணக்குக்கு ரூபாய் போட்டுவிடு, நல்ல ரேட்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறதே, அதைத் தொடாதீர்கள். உங்கள் கணக்குக்கு வரும் யூரோ யாரோ ஒரு பாட்டியை ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். அனுப்பியவர் பெயர் நீங்கள் பேசிய ஆளின் பெயராக இல்லாதபோதே தெரிய வேண்டாமா? பாட்டி புகார் கொடுத்ததும் முடங்குவது உங்கள் கணக்கு. வங்கிச் செயலியைச் "சோதித்துப் பார்க்கும்" வீட்டு வேலை என்று சொல்லி, உங்கள் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் வீடியோவில் காட்டவைத்து உங்கள் பெயரில் கணக்கு திறந்துகொள்ளும் கும்பலும் உண்டு. தெரியாமல் செய்தேன் என்பது முழுத் தப்பிப்பு அல்ல. கவனிக்க வேண்டியதைப் பொறுப்பில்லாமல் கவனிக்காமல் விட்டாலே குற்றத்தில் வந்த பணத்தை வெள்ளையாக்குவதற்கு எதிரான சட்டப்பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவருக்கு அந்தத் தண்டனையோடு முடிவதில்லை, தங்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகலாம். உங்களை நம்பிக் கடன் வாங்கி அனுப்பிய வீட்டை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள்: வந்த பணத்தை அந்த ஆள் சொல்லும் எண்ணுக்கு நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள். நடந்ததை உடனே வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உரையாடல்களை அழிக்காமல் வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவராகக் காவல்துறைக் கடிதம் வந்தால் தனியாகப் போய்ப் பேசிவிடாமல் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் அமைப்புகள் இலவசச் சட்ட ஆலோசனை தருகின்றன. கடிதத்தை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.