அப்பத்தாவின் ஜன்னியும் மூளையின் காவலும்

என் அப்பத்தாவுக்கு 81 வயது இருக்கும்போது ஒரு ராத்திரி பேச்சு மாறிப்போனது. "ஆட்டப் புடிச்சுக் கட்டுடா, மழ வருது" என்று என்னை எழுப்பினார். நாங்கள் ஆடு வளர்ப்பதை விட்டு முப்பது வருஷம் ஆகியிருந்தது. விடிவதற்குள் என்னை என் அப்பா என்று நினைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். உடம்பைத் தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. பக்கவாதம் என்றார் ஒருவர், புத்தி பேதலித்துவிட்டது என்றார் இன்னொருவர். மருத்துவர் முதலில் பரிசோதிக்கச் சொன்னது சிறுநீரை. அதில் கிருமித்தொற்று இருந்தது. மாத்திரை ஆரம்பித்த நான்காம் நாள் தெளிந்துவிட்டார்.

அந்தக் கிருமி இருந்தது சிறுநீர்ப்பையில். மூளைக்கு அது போகவே இல்லை. இதே தொற்று 25 வயதில் வந்தால் எரிச்சல், கொஞ்சம் காய்ச்சல், அவ்வளவுதான். வயதானவர்களுக்கு மட்டும் ஏன் ஜன்னி கண்டதுபோல் ஆகிறது? இதற்குக் காரணங்கள் பல உண்டு. அதில் ஒன்று ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் எல்லையில் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எல்லை ஒன்று இருக்கிறது என்பதே சாயத்தால்தான் தெரியவந்தது. 1885-இல் ஜெர்மனியில் பால் எர்லிக், விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார். ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் ஏறின. மூளை மட்டும் ஏறவில்லை. மூளைக்குச் சாயம் பிடிக்காதோ என்று அவர் நினைத்தார். 1913-இல் அவரிடம் வேலை பார்த்த எட்வின் கோல்ட்மன், சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் அப்படியே இருந்தன. சரி, நடுவில் ஏதோ தடுக்கிறது.

அந்தத் தடுப்பைத் தனிச் சுவராகக் கற்பனை செய்யக்கூடாது. மூளைக்குள் ஓடும் ரத்தநாளங்களை ஒன்றன் பின் ஒன்றாக நீட்டினால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி, தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகள். அந்தத் தந்துகிகளின் உட்சுவர் செல்கள்தான் தடுப்பு. உடம்பின் மற்ற இடங்களில் இந்தச் செல்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கும். மூளையில் பக்கத்துச் செல்லோடு தைத்தது போல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். வெளிப்பக்கத்தில் பெரிசைட் என்னும் செல்கள் தந்துகியைக் கட்டிப்பிடித்திருக்கும், அதற்கும் மேலே அஸ்ட்ரோசைட் என்னும் மூளையின் துணைச் செல்கள் கால் பரப்பியிருக்கும். சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் தனித்தனி வாசல் உண்டு. காபியில் இருக்கும் காஃபீன் வாசல் தேடாமலே நுழைந்துவிடும். வேண்டாத மருந்துகளும் நச்சுகளும் உள்ளே வந்தால், பம்பு போல இயங்கும் புரதங்கள் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளும்.

வயதானால் இதெல்லாம் பழைய வீட்டுச் சுவர் போல விரிசல் விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2015-இல் அமெரிக்காவில் பெரிஸ்லாவ் ஸ்லோகோவிச்சின் குழு, உயிரோடு இருக்கும் மனிதர்களின் மூளையை எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்தபோது, வயது ஏற ஏறக் கசிவு கூடுவது தெரிந்தது. அதுவும் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில். ஞாபகம் குறைய ஆரம்பித்தவர்களிடம் கசிவு இன்னும் அதிகம். பெரிசைட்டுகள் சேதமான அடையாளமும் அவர்களிடம் இருந்தது.

ஆனால் என்னை அசரவைத்தது 2020-இல் ஸ்டான்ஃபோர்டில் டோனி விஸ்-கோரேயின் குழு செய்த சோதனை. எலிகளின் ரத்தப் புரதங்களுக்கு அடையாளக் குறி ஒட்டி, வேறு எலிகளுக்கு ஏற்றினார்கள். ஆரோக்கியமான மூளைக்குள் புரதம் போகவே போகாது என்பதுதான் பாடப்புத்தகக் கணக்கு. இளம் எலியின் மூளையிலோ அவை பரவலாகப் போய்ச் சேர்ந்திருந்தன. தந்துகிச் செல்கள் ஆள் பார்த்து, இன்ன புரதம் என்று அடையாளம் கண்டு, பொட்டலம் கட்டி அந்தப் பக்கம் இறக்கிவிடுகின்றன. கிழட்டு எலியில் இந்த ஆள் பார்த்து ஏற்றும் வேலை குறைந்துபோயிருந்தது. அதற்குப் பதில், செல்லின் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் உண்டாகி, எது வந்தாலும் அள்ளி உள்ளே கொண்டுபோகும் பழக்கம் கூடியிருந்தது. மதகு துருப்பிடித்துத் திறக்காமல் போக, கரையில் வேறு இடத்தில் தண்ணீர் கசியும் ஏரி மாதிரி. வயலுக்கு வேண்டிய தண்ணீர் வராது, வேண்டாத இடம் சேறாகும்.

அப்படி ஊறிவரும் புரதங்கள் சும்மா இருப்பதில்லை. காயத்தில் ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் மூளைக்குள் வந்தால், அங்கே காவலுக்கு இருக்கும் மைக்ரோக்லியா செல்கள் அதைக் காயம் என்றே எடுத்துக்கொண்டு அழற்சியை, அதாவது நோய் எதிர்ப்புப் படையின் தற்காப்புக் கொந்தளிப்பைக் கிளப்பும்.

நோய் எதிர்ப்புப் படைக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை என்ற பழைய எண்ணமும் இப்போது போய்விட்டது. இரண்டும் எல்லையில் நின்று ஓயாமல் பேசிக்கொள்கின்றன. கோராய்டு பின்னல் என்று ஒன்று உண்டு. மூளையின் உள்ளறைகளில் பாசி போல மிதக்கும் சிறு திசு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் மூளைத் தண்டுவடத் திரவத்தைச் சுரப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் இந்தத் திரவம், இரண்டு பக்கத்துச் சேதியும் இதன் காதில் விழும். 2014-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மிகல் ஷ்வார்ட்ஸின் குழு, வயதான எலிகளின் கோராய்டு பின்னலில் ஒரு விசித்திரத்தைக் கண்டது. வைரஸ் தாக்கும்போது அடிக்கவேண்டிய இன்டர்ஃபெரான் என்ற அபாயமணி, வைரஸே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. இறந்துபோன முதியவர்களின் மூளையிலும் அதே தடயம். எலிகளில் அந்த மணியை மருந்தால் அடக்கியதும் ஞாபகசக்தி ஓரளவு திரும்பியது.

தந்துகிகளும் இப்படித்தான் மாறுகின்றன. வெள்ளை அணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் விசிஏஎம்-1 என்ற புரதம் வயதானால் உட்சுவரில் அதிகமாக முளைக்கிறது. இளம் எலிக்கு முதிய ரத்தத்தின் பிளாஸ்மாவை, அதாவது அணுக்களை நீக்கிய திரவத்தை, ஏற்றினாலும் அது கூடுகிறது. அதைத் தடுத்தால் மூளைக்குள் அழற்சி தணிகிறது. ஆக, மூளைக்கு வயதாவதில் உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்துக்கும் பங்கு உண்டு. கழிவு வெளியேறும் வழியும் ஒடுங்குகிறது. மூளை உறையில் நிணநீர் நாளங்கள் இருப்பது 2015-இல்தான் தெளிவானது. முதிய எலிகளில் அவை குறுகிப்போயிருப்பது 2018-இல் தெரிந்தது. இவற்றில் பெரும்பாலானவை எலிகளில் பார்த்தவை என்பதை மறக்கக்கூடாது. எலிக்குப் பலித்த மருந்து மனிதரிடம் பலிக்காமல் போன கதைகள் மூளை ஆராய்ச்சியில் ஏராளம்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். சிறுநீர்ப்பையில் தொற்று வந்ததும் உடம்பு அழற்சிச் சேதிகளை ரத்தத்தில் அனுப்புகிறது. தந்துகிச் செல்கள் அதை வாங்கி உள்ளே சொல்கின்றன. இது எந்த வயதிலும் நடப்பதுதான். காய்ச்சலில் நாம் சுருண்டு படுப்பதும் இதனால்தான். ஆனால் 81 வயதில் எல்லை ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கிறது, மைக்ரோக்லியா ஏற்கெனவே பாதி விழிப்பில் இருக்கிறது. சின்னச் சேதிக்கும் அது அலறி எழுகிறது. வேண்டாததை வெளியே தள்ளும் பம்புகளும் வயதானால் மெத்தனமாகின்றன. முதியவர்களுக்குச் சில பழைய சளி மாத்திரைகள்கூடத் தலையைக் குழப்பிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்பத்தாவுக்கு அந்த வாரம் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்த சளி மாத்திரையும் இருந்தது. மருத்துவர் அதை உடனே நிறுத்தச் சொன்னார்.

தெளிந்த பிறகு அந்த ராத்திரிகள் எதுவும் அப்பத்தாவுக்கு ஞாபகமே இல்லை. ஆட்டைப் பற்றிச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். அதற்கப்புறம்தான், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் கேட்பது ஆரம்பித்தது.