பதிவுக் கணினி வாங்கும் முன் மொட்டைமாடிக்குப் போங்கள்

சென்ற ஆண்டு வேளச்சேரியில் ஒரு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். கூடத்தில் அறுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சி, அதன் கீழே கறுப்புக் கண்ணாடி பதித்த கணினி, அதற்குள் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு, நான்கு டெராபைட் ஹார்டு டிஸ்க் என எல்லாம் தயாராக இருந்தன. பேத்தியின் பரதநாட்டிய நிகழ்ச்சி டிடி தமிழில் ஒளிபரப்பாக இருந்தது. அதைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டுப் பெரியவரின் ஆசை. "எல்லாம் வாங்கியாச்சு சார், நீங்க சாஃப்ட்வேர் மட்டும் போட்டுக் கொடுத்தாப் போதும்" என்றார். கணினியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒளிபரப்பு உள்ளே நுழைய அதில் ஒரு வாசல்கூட இல்லை. ஒளிபரப்பைப் பிடித்துக் கணினிக்குக் கொடுக்கும் டியூனர் இல்லை, மாடியில் டிஷ்ஷும் இல்லை. கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ் ஒன்றுதான் அந்த வீட்டுக்குள் தொலைக்காட்சியைக் கொண்டுவந்துகொண்டிருந்தது.

தொலைக்காட்சி பார்க்கவும் பதிவுசெய்யவும் வீட்டில் ஒரு கணினியை நிறுத்த நினைப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். புராசசர் எது, ரேம் எவ்வளவு என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். தங்கள் வீட்டுக்குப் பூட்டப்படாத ஒளிபரப்பு எந்த வழியாக வரும் என்று மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. கடையில் கொடுக்கும் பணம் பயன்படுமா வீணாகுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு கேள்வியின் விடைதான்.

நம் நாட்டில் கேபிள் வழியாகவும் கட்டண டிடிஎச் வழியாகவும் வரும் சேனல்கள் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது பூட்டப்பட்டே வருகின்றன. கேபிள் சட்டத்தில் 2011இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கேபிளிலும் டிஜிட்டல் பெட்டி கட்டாயமாயிற்று. அந்தக் கம்பியை நேரே கணினியின் டியூனரில் சொருகினால், சேனல்களின் பெயர்ப் பட்டியல் அழகாக வரும், படம் வராது. பூட்டின் சாவி பெட்டிக்குள் இருக்கிறது. சரி, பெட்டியின் எச்டிஎம்ஐ வெளியீட்டையே, வெளியிலிருந்து வரும் படத்தைக் கணினியில் பதியும் கேப்சர் கார்டில் கொடுத்துவிடலாமே என்று அடுத்த யோசனை தோன்றும். அந்த வெளியீட்டில் பெரும்பாலும் எச்டிசிபி என்னும் நகல்தடுப்பு இருப்பதால் பதிவில் கிடைப்பது கறுப்புத் திரை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கம்பிகள் உள்ள பழைய பெட்டியானால் அவ்வழியே பதிவுசெய்ய முடியும். ஆனால் உயர்தெளிவுப் படம் அங்கே பழைய தரத்துக்கு இறங்கிவிடும். பெட்டியையும் உரிய சேனலில் யாராவது வைத்துவிட்டுப் போக வேண்டும். நிகழ்ச்சி முடியும்வரை வீட்டில் வேறு எவரும் ரிமோட்டைத் தொடக்கூடாது. ரிமோட்டைத் தொடாத குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

தடையின்றிக் கணினியில் இறக்கிப் பதிவுசெய்ய நமக்குள்ள நேர்வழி, 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று டிடி ஃப்ரீ டிஷ் என வழங்கும் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவை. கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து அது வருகிறது. மாதக் கட்டணம் இல்லை. அதன் சேனல்களில் பெரும்பாலானவை பூட்டப்படாமலே வருவதால் செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான சாதாரண டிவிபி-எஸ் டியூனரே அவற்றைப் படித்துவிடும். முன்பு பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழும் அதில் உண்டு. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். தனியார் தமிழ்ச் சேனல்களை எதிர்பார்த்து இதில் இறங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனெனில் அதில் உள்ள தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்தி. மாலைத் தொடரைப் பதிவுசெய்வதுதான் நோக்கமென்றால் கணினியை மறந்துவிட்டு, டிடிஎச் நிறுவனத்தின் பதிவு வசதியுள்ள பெட்டியை வாங்குவதே மேல். அப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் பதிவான கோப்பு அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் விருப்பம் தணியவில்லையென்றால், மொட்டைமாடிக்குப் போகலாம். சென்னையிலிருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கிறது. ஆகவே பக்கத்து அடுக்குமாடி மறைக்குமோ என்ற கவலை பெரும்பாலும் தேவையில்லை; தலைக்கு மேல் சாய்ந்து நிற்கும் தென்னை ஓலைதான் தொல்லை. நாம் வழக்கமாகப் பயன்படுத்துவது சிக்னல் வாங்கும் முனை நடுவில் நிற்காமல் கீழ்ப்பக்கம் தள்ளி நிற்கும் ஆஃப்செட் வகை டிஷ் என்பதால், அது உண்மையில் நோக்கும் உயரத்தைவிடத் தாழ்வாகப் பார்ப்பதுபோலத் தோன்றும். கண்ணால் பார்த்துத் திருப்பினால் சிக்னல் கிடைக்காது. தாங்கியில் உள்ள பாகைக் குறியையும் மீட்டரையும் நம்புங்கள். டிஷ் கம்பியின் முனையிலுள்ள எஃப் கனெக்டருக்குள் மழைநீர் இறங்காதபடி ரப்பர் உறை போடுங்கள். ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு "சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு" என்று என்னை அழைத்த வீடுகளில் பாதியில், பச்சை படிந்த செப்புக் கம்பியைத்தான் வெட்டி எறிந்திருக்கிறேன்.

பெருமழையில் டிடிஎச் வரும் கேயூ பட்டை சிக்னல் வலுவிழப்பது இயல்பு. அதுபோலவே மார்ச் நடுவிலும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலும், சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும்போது சில நிமிடங்கள் படம் உடையும். இரண்டுக்கும் கணினியில் மருந்தில்லை.

டியூனர் வாங்கும்போது பெட்டியின் மேல் டிவிபி-எஸ் அல்லது டிவிபி-எஸ்2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி குச்சிகளில் பல டிவிபி-டி வகை, அதாவது தரைவழி ஒளிபரப்புக்கானவை. ராஸ்பெர்ரி பை கணினிக்கென விற்கும் டிவி ஹேட்டும் அவ்வகைதான். ஐரோப்பாவில் அவை அருமையாக வேலை செய்யும். நம் டிஷ்ஷுக்கு உதவா. டிபிஎஸ் போன்ற நிறுவனங்களின் செயற்கைக்கோள் டியூனர்களுக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் ஆதரவு உண்டு. ஆயினும் குறிப்பிட்ட மாடலின் டிரைவர் நீங்கள் போடப்போகும் லினக்ஸின் உட்கருவான கெர்னலில் ஓடுமா என்று வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எத்தனை டியூனர் வேண்டும் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து சேனல்கள் தனித்தனியே வருவதில்லை. ஓர் அலைவரிசையில் ஒரு கட்டாக, மக்ஸ் என்று சொல்லப்படும் தொகுப்பாக வருகின்றன. ஒரு டியூனர் ஒரு மக்ஸைப் பிடித்துவிட்டால் அதிலுள்ள எல்லாச் சேனல்களையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்ய முடியும். வேறு மக்ஸில் உள்ள சேனலையும் அதே வேளையில் பார்க்க வேண்டுமானால்தான் இரண்டாவது டியூனர் தேவை. அப்போது நம்மவர்கள் செய்வது, பத்து ரூபாய்த் தாள் மாதிரிக் கையில் கிடைக்கும் கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரைப் போட்டு ஒரு கம்பியை இரண்டாக்குவது. டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு 13 வோல்ட் போனால் ஒரு துருவமுனைப்பு (அலை அதிரும் திசை), 18 வோல்ட் போனால் மற்றொன்று என்பதால், இரண்டு டியூனரும் வேறு வேறு வோல்ட் கேட்கும்போது ஒன்று மற்றதைக் கெடுத்துவிடும். இரண்டு வெளியீடுள்ள ட்வின் எல்என்பி வாங்கி, மாடியிலிருந்து இரண்டு கம்பி இறக்குவதே சரியான வழி.

கணினியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதிவு என்பது வந்த ஓட்டத்தை அப்படியே வட்டில் எழுதுவதுதான். அதற்குக் கணிப்பு வலிமை தேவையே இல்லை. இன்டெல் என்100 வகைச் சிறு கணினியே இந்த வேலைக்குத் தாராளம். சும்மா இருக்கும்போது அது பத்து வாட் இழுத்தாலும் மாதத்துக்கு 7.2 யூனிட்தான் என்பதால், அதைத் தூங்கவைத்து நிகழ்ச்சி நேரத்தில் எழுப்பும் வித்தைகளில் இறங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். எழாமல் போன ஒரு நாளில் தவறும் நிகழ்ச்சி மறுபடி வராது. தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் கச்சேரியின் பல்லவி நடுவில் கணினி தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும்.

மென்பொருளில் பலருக்கும் பழைய விண்டோஸ் மீடியா சென்டர்மீது இன்னும் பாசம் உண்டு. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவிட்டது. இன்று நான் அமைப்பது லினக்ஸில் டிவிஹெட்எண்ட், அதன் முன்னே கோடி (Kodi) என்னும் மென்பொருள். விண்டோஸ்தான் வேண்டுமென்றால் நெக்ஸ்ட்பிவிஆர். கோடியைப் போட்டுவிட்டு "சேனல் எங்கே?" என்று தேடுபவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: கோடி காட்டும் முகம் மட்டுமே, டியூனரைக் கையாளுவதும் குறித்த நேரத்தில் பதிவைத் தொடங்குவதும் பின்னாலிருக்கும் டிவிஹெட்எண்டின் வேலை. அதில் எல்என்பி வகையாக யுனிவர்சல், அதாவது 9750/10600, தேர்ந்தெடுங்கள். அங்கே தவறினால் தேடலில் ஒன்றுமே அகப்படாது. டிஷ்ஷைக் குறை சொல்லிக்கொண்டு மாடிக்கும் கூடத்துக்கும் நடப்பீர்கள். நிகழ்ச்சி அறிவித்த நேரத்தில் தொடங்கும் என்றும் நம்ப வேண்டாம். முன்னால் ஐந்து நிமிடம், பின்னால் பதினைந்து நிமிடம் கூட்டியே பதிவை அமையுங்கள்.

படம் வந்த பிறகு "ஏதோ துள்ளுகிறது" என்பார்கள். நம் ஒளிபரப்பு நொடிக்கு 50 புலங்கள், அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாக வரும் அரைப்படங்கள். கணினி தன் வழக்கப்படி திரைக்கு 60 ஹெர்ட்ஸ் அனுப்பும். நொடிக்குப் பத்துப் படங்களை இருமுறை காட்டித்தான் கணினி கணக்கை நேர்செய்ய முடியும். செய்தியின் அடியில் ஓடும் எழுத்துவரியைப் பாருங்கள், திக்கித் திக்கி நகரும். திரையை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அது வழுக்கிக்கொண்டு ஓடும். கோடியில் ஒளிபரப்புக்கேற்ப இதைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். முத்திரை பிடிக்கும் கைவிரல்கள் சீப்புப் பற்களைப்போல் வரிவரியாகப் பிரிந்தால் அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேசிங் அணைந்திருக்கிறது என்று பொருள்.

மின்சாரத்துக்கு வருகிறேன். மற்றவற்றில் தவறினால் பணம்தான் போகும், இதில் உயிருக்கே ஆபத்து உண்டு. எர்த் இல்லாத பிளக்கில் சொருகிய கணினியின் உலோக உடல், மின்வழங்கியின் கசிவால் கிட்டத்தட்டப் பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். தொட்டால் சுருக்கென்று குத்தும். அந்த நிலையில், தரையோடு தொடர்புள்ள டிஷ் கம்பியைத் திருகும்போது டியூனரோ எச்டிஎம்ஐ துளையோ எரிந்துபோகும். நான் மாற்றிய போர்டுகளில் பல இப்படி எரிந்தவையே. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்த பிறகே கம்பியைத் தொடுங்கள். டிஷ் தாங்கியையும் கட்டடத்தின் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். இடி இடிக்கும்போது மாடியில் நின்று டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், கூடத்தில் அதன் கம்பியைக் கழற்றவும் செய்யாதீர்கள். வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

வட்டில் இடம் எவ்வளவு வேண்டும் என்பது எளிய கணக்கு. நொடிக்கு 3 மெகாபிட் வரும் சேனலில் ஒரு மணி நேரப் பதிவு 1.35 ஜிகாபைட், ஒரு டெராபைட்டில் எழுநூறு மணி நேரத்துக்குமேல் அடங்கும். பதிவை, ஒளிபரப்பு வரும் வடிவிலேயே உள்ள டிஎஸ் கோப்பாகவே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றும் 188 பைட் உள்ள தனித்தனிப் பொட்டலங்களால் ஆனது அது. நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை எழுதியது பெரும்பாலும் ஓடும். எம்பி4இல் அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படுவதால், பாதியில் நின்ற கோப்பு திறக்காமலே போய்விடக்கூடும்.

சட்டத்தைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பயனுக்காக ஒளிபரப்பைப் பதிவுசெய்துகொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. அந்தப் பதிவை யூடியூபில் ஏற்றினாலோ விற்றாலோ இந்த விலக்கு துணைக்கு வராது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது தனிக் குற்றம். அதே சட்டத்தில் 2012இல் சேர்த்த 65அ பிரிவு அதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. எல்லாச் சேனலும் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் மலிவு விளம்பரங்களில் உள்ள செயலிகளையோ பெட்டிகளையோ நான் அமைக்கும் கணினியோடு சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுவேன். அத்தகைய பெட்டிகளில் வேறு ஆபத்தும் உண்டு: 2023 தொடக்கத்தில், டி95 என்ற பெயரில் விற்ற ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்றில் முன்கூட்டியே பதிந்து வந்த தீநிரல் வெளிச்சத்துக்கு வந்தது. உங்கள் டிவிஹெட்எண்டுக்கும் கடவுச்சொல் வையுங்கள். அதன் 9981 வாயிலை (போர்ட்) இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம்.

வேளச்சேரி வீட்டுக்கு ஒரு டிஷ்ஷும் ஒரு டியூனரும் வாங்கினோம். கிராஃபிக்ஸ் கார்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டிலும் ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்வேன்: பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுவேன். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி அமைத்திருந்தால் கணினி எழ வேண்டும், மீதி நிகழ்ச்சியின் பதிவு தொடர வேண்டும், முதல் பாதி திறக்க வேண்டும். அங்கே மூன்றும் நடந்தன. பிறகு ரிமோட்டைப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிடி தமிழைத் தேடிப் பிடிக்க அவருக்கு நான்கு பொத்தான்கள் தேவைப்பட்டன. அதை இரண்டாகக் குறைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.