சுதைச் சிற்பத்தின் மேல் கைவைக்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடலோரத்துப் பழைய தமிழ்க் கோயில்களின் பராமரிப்புப் பணியில் உள்ள நான், குடமுழுக்குக்கு ஆயத்தமாகும் நிர்வாகக் குழுவினரிடம் முதலில் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: விமானத்திலும் மதிலிலும் சுண்ணாம்புச் சாந்தால் ஆக்கப்பட்டுள்ள சுதை உருவங்களை யார் செய்தார், எதனால் செய்தார், எவர் கண்டு வணங்கச் செய்தார் என்பதைக் கேட்டறிந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பலில் இந்தியாவிலிருந்து டர்பனில் வந்திறங்கியவர்களும், 1911 வரை அவர்களைத் தொடர்ந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும், கரும்புத் தோட்டங்களின் அருகே தங்கள் தெய்வங்களுக்கு இடம் அமைத்தார்கள். 1898ஆம் ஆண்டளவில் மவுண்ட் எட்ஜ்கோம் கணேசர் கோயிலைக் கட்டிய கிருஷ்டப்ப ரெட்டி போன்றவர்கள், கிடைத்த செங்கல்லையும் சாந்தையும் கொண்டே ஊர்க் கோயிலின் வடிவத்தை இங்கே எழுப்பினார்கள். தஞ்சைக் கோபுரங்களோடு ஒப்பிட்டு இவ்வுருவங்களைக் கொச்சையானவை என்போர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. நாளெல்லாம் வயலில் உழைத்தவர் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டு கும்பிடுவதற்கு, அகன்ற விழிகளும் அழுத்தமான வண்ணங்களுமே ஏற்றவை.

இவ்வுருவங்களைக் காற்றும் மழையும் இன்றுவரை மாற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. கோடை மழை சுவரை நனைக்கிறது. சுண்ணாம்புச் சுதை ஈரத்தை உறிஞ்சி, பின்னர் மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசி எனாமல் வண்ணம் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்பு படிகமாகித் தள்ள, புதுப் பூச்சு பழைய முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. பளபளப்புக்காகச் செலவிட்ட பணமே சிற்பத்தை அழிப்பதைக் காணும்போது மனம் பொறுப்பதில்லை.

அடுத்து, வழிபடுவோர். மாரியம்மனின் சேலை முன்பு எந்த நிறத்தில் இருந்தது என்பதை ஏட்டைவிட முதிய பெண்களே நன்கு அறிவார்கள். பல தலைமுறையாக வண்ணத்துக்குப் பொருளுதவி செய்துவரும் குடும்பங்களும் அந்த உருவத்தை ஆக்கியவர்களே. அவர்களை விலக்கிவிட்டு, தமிழ்நாட்டிலிருந்து வரும் ஸ்தபதியிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதை நான் ஏற்பதில்லை. ஸ்தபதியின் திறமை வேண்டியதுதான். அவரும் அந்தப் பெண்களோடு அமர்ந்து பேச வேண்டும்.

60 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதி தேவை. விண்ணப்பத்துக்கு முன்பே ஒவ்வோர் உருவத்தையும் நாற்புறமும் படமெடுத்து, மறைவான ஓரிடத்தில் மட்டும் வண்ண அடுக்குகளைச் சுரண்டிப் பார்த்து, உதிர்ந்த துண்டுகளை இடம் குறித்துப் பெட்டியில் இட்டு வையுங்கள்.