வெயிலில் வெளுக்கும் பூச்சுகள்

கறுப்புச் சுவர் வெயிலை உறிஞ்சுகிறது, வெள்ளைச் சுவர் திருப்பி அனுப்புகிறது. கடுங்கோடையும் கடுங்குளிரும் மாறிமாறி வரும் இடங்களில் ஒரே நிறம் இரண்டு பருவங்களுக்கும் ஒத்துவருவதில்லை என்பதால், சூட்டை உணர்ந்து தானாகவே மாறும் பூச்சுகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும்படி மாறுவது சாயப் பூச்சு. சில மைக்ரோமீட்டர் அளவேயுள்ள நுண்ணுறைகளுக்குள் சாயம், மென்மையான அமிலம், மெழுகு போன்ற கரைப்பான் ஆகிய மூன்றும் அடைபட்டிருக்கும். கரைப்பான் உறைந்திருக்கும் வரை அமிலம் சாய மூலக்கூறைப் பற்றிக்கொண்டு அதன் வளையம் ஒன்றைத் திறந்தே வைத்திருப்பதால் நிறம் தெரிகிறது. கரைப்பான் உருகியதும் அமிலம் சாயத்தை விட்டு விலக, வளையம் மூடிக்கொண்டு நிறம் மறைகிறது. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகும் டோடெக்கனாலைக் கரைப்பானாகச் சேர்த்தால் மாற்றமும் அதையொட்டியே நிகழும். ஆனால் புற ஊதாக் கதிர் இந்தச் சாயங்களைச் சிதைத்துவிடுகிறது; வெயிலுக்கென்றே செய்த பூச்சு வெயிலிலேயே கெடுவது பெருங்குறை.

கண்ணுக்குத் தெரியாத மாற்றமே கட்டடத்துக்கு அதிகம் உதவும் என்று நான் நினைக்கிறேன். சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவே வருகிறது. அந்தக் கதிரைத் தடுக்க உதவுவது வனேடியம் என்ற உலோகத்தின் ஆக்சைடான வனேடியம் டைஆக்சைடு. அது 68 டிகிரியில் திடீரென உலோகத் தன்மை அடைவதை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மோரின் 1959இல் அறிவித்தார். அதற்குக் கீழே வனேடியம் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து எலக்ட்ரான்களைக் கட்டிவைத்திருக்கின்றன; சூடேறியதும் இணைகள் பிரிய, விடுபட்ட எலக்ட்ரான்கள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகின்றன. சன்னலில் இதை மெல்லிய படலமாகப் பூசினால், வெளிச்சம் பெரிதும் குறையாமலே வெப்பம் மட்டும் தடுக்கப்படுகிறது. 68 டிகிரி எந்தச் சன்னலுக்கும் மிக அதிகம்தான். நூறு வனேடியம் அணுக்களில் ஏறத்தாழ இரண்டின் இடத்தில் டங்ஸ்டனை வைத்தால், மாற்றம் நிகழும் வெப்பநிலை அறை வெப்பநிலையை ஒட்டி இறங்கிவிடுகிறது.

இதே பொருளைக் கொண்டு அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2021இல் கூரைக்கான படலம் ஒன்றை வெளியிட்டனர். வெப்பத்தைக் கதிராக வெளியேற்றும் அதன் திறன் (முழுத் திறன் 1), 15 டிகிரிக்குக் கீழே 0.20 ஆகவும் 30 டிகிரிக்கு மேலே 0.90 ஆகவும் இருக்கிறது. அதாவது கோடையில் கூரை தன் சூட்டை வானத்துக்குக் கொட்டிவிடுகிறது, குளிரில் காத்துக்கொள்கிறது. மின்சாரமோ விசையோ இதற்குத் தேவையில்லை.

வனேடியம் டைஆக்சைடு சன்னலுக்கு மஞ்சள் கலந்த பழுப்புச் சாயலைக் கொடுப்பதை இன்னும் முழுமையாக நீக்க முடியவில்லை. காற்றும் ஈரமும் பட்டால் அது மெல்ல வனேடியம் பென்டாக்சைடாக மாறி, மாறும் குணத்தையே இழந்துவிடும் என்பதால், அதன் மேல் காப்புப் படலம் ஒன்றும் தேவைப்படுகிறது.